உரித்து வைத்த செல்கள்

செல்லை மாற்றி மாற்றிப் போட்டும் காது மெஷின் கப்சிப். ‘கரிக்குச்சி’ என்று பட்டப்பெயர் வாங்கிய கிழவர் அதைக் கழற்றி இன்னொரு தடவை தட்டிப் பார்த்தார். விடிந்தால் அவர் பெண்டாட்டிக்குத் தொண்டையில் ஆபரேஷன். குரல் பழையபடி வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். சாயங்காலமே ஆஸ்பத்திரியில் போய்ச் சேர வேண்டும். அதற்குள் அந்தக் குரலை ஆசை தீரக் கேட்டுவிட வேண்டும் என்று மனுஷன் தவியாய்த் தவித்தார். ஞாயிற்றுக்கிழமை வேறு, மெஷின் கடை பூட்டிக் கிடந்தது.

மிச்சமிருந்த பொத்தான் செல்களை மேஜையில் கொட்டினார். "ஏம்மா, இதுல ஒட்டியிருந்த ஸ்டிக்கரெல்லாம் எங்கே?"

அவள் பெருமையாக நகத்தால் உரிப்பதுபோல் சைகை காட்டினாள். பிறகு அவருடைய நடுங்கும் விரல்களைத் தொட்டுக் காட்டினாள். பாவம், அவர் கஷ்டப்படக் கூடாதென்று போன மாதமே அத்தனையையும் உரித்து வைத்துவிட்டாளாம்!

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இரண்டு பேரும் டார்ச் செல் ஃபேக்டரியில் குப்பை கொட்டியவர்கள். துத்தநாக டப்பாவில் கறுப்பு மாவை அடைத்து நடுவில் கரிக்குச்சி செருகுவது அவர் வேலை. பட்டப்பெயர் அப்படி வந்தது, ஆளும் அதற்கேற்ற மாதிரிதான் இருந்தார். வெளியே லேபிள் ஒட்டுவது அவள் வேலை. அந்த லேபிள் சும்மா அலங்காரம், கிழித்தாலும் டார்ச் எரியும். உள்ளே துத்தநாகம் கொடுக்கும், கறுப்பு மாவு வாங்கிக்கொள்ளும். அந்தக் கொடுக்கல் வாங்கல்தான் கரண்ட். பொத்தான் செல்லில் கறுப்பு மாவு இல்லை, வாங்கிக்கொள்வது காற்று. ஸ்டிக்கருக்கு அடியில் அதற்கென்று பொடி ஓட்டை. உரித்துவிட்டால் காற்று உள்ளே புகுந்துவிடும், காதில் போட்டாலும் போடாவிட்டாலும் சில வாரத்தில் செல்லின் கதை முடிந்தது. கடைக்காரப் பெண் படித்துப் படித்துச் சொன்னதை இந்த மகானுபாவர் வீட்டில் வாயே திறக்கவில்லை.

இப்போது சொன்னார். அவள் முகம் சுருங்கிப்போயிற்று. உதடு அசைந்தது, அவருக்கு ஒன்றும் விழவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையில் துணி அடுக்கப் போய்விட்டாள். அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஃபேக்டரியிலும் இதே கதைதான். மாவு அடைக்கிற மெஷின் போடும் சத்தத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. பின்னாளில் அவர் காதைத் தின்றதே அதுதான். புதிதாகச் சேர்ந்த லேபிள்காரி ஒருநாள் விறுவிறுவென்று வந்து, கையைக் குவித்து அவர் காதில் வைத்து, "சட்டையத் திருப்பிப் போட்டிருக்கீங்க" என்றாள். குறும்புக்காரர், மறுநாளும் வேண்டுமென்றே திருப்பிப் போட்டுக்கொண்டு போனார். மூன்றாம் நாளும் போனபோது மொத்த ஃபேக்டரியும் சிரித்தது. அந்தச் சிரிப்பு கல்யாணத்தில் போய் முடிந்தது.

ஆட்டோ வாசலுக்கு வந்துவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு வந்தவள் அவரைப் பார்த்து நின்றுவிட்டாள். தையலெல்லாம் வெளியே தெரிய, சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சாதுவாக நின்றார் கிழவர்.

அவள் பையைக் கீழே வைத்தாள். அழுகையும் சிரிப்புமாகக் கிட்டே வந்தாள். கையைக் குவித்து அவர் காதோடு வாயை வைத்தாள்.

"சட்டையத் திருப்பிப் போட்டிருக்கீங்க."

கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, ஆனால் அவளேதான், அந்தப் பழைய குரலேதான்.

"கேக்கலம்மா," என்றார் அவர். "இன்னொரு தடவை சொல்லு."