சாக்கைத் தாங்கிய கைகள்

செல்வகணேஷ் பரோட்டா மாஸ்டர். தம்பானூர் ஹோட்டலில் மாவை அடித்து வீசும் அதே கையோடு வீட்டுக்கு வந்து, வருடக்கணக்காக மனைவி ஆவுடைத்தாயை அடித்தான். ஆடி மாதம் அவள் ஒரு துணிப்பையோடு வெளியேறினாள். சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கிடங்கில் மூட்டை கட்டும் வேலை கிடைத்தது. அவன் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினான், பொங்கலுக்குள் அவளாக வராவிட்டால் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதாக. போலீஸ் ஸ்டேஷனில் புகார் சொன்னாள்; அனுசரித்துப் போகச் சொன்னார்கள்.

குத்தப் பழகுவது என்று அவள் தீர்மானித்தது அன்றுதான். யாரிடம் பழகுவது?

கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு மாடியில் ஆர்ஷா என்ற மலையாளப் பெண் குத்துச்சண்டை சொல்லிக்கொடுத்தாள். உடைந்து ஒட்டிய மூக்கு, கூர்மையான பார்வை. முதல் நாள் அவள் கையை ஓங்கி ஆவுடைத்தாயின் கன்னத்தில் லேசாகத் தட்டினாள். அவ்வளவுதான். ஆவுடைத்தாயின் கண்கள் இறுக மூடிக்கொண்டன. சுதாரித்தபோது அவள் சுவர் மூலையில், தலைக்கு மேல் கைகளைக் கோத்துக்கொண்டு குந்தியிருந்தாள்.

"சேச்சி, அடிக்கறது பின்ன படிக்கலாம். முதல்ல அடி கொள்ளணும். கொண்டுட்டு, கண்ணத் தொறந்து நிக்கணும். அதுக்குத்தான் ஆள் வேணும், கேட்டோ."

ஆவுடைத்தாய் எழுந்து முந்தானையைச் செருகினாள்.

"அடி வாங்குறதுக்கு எனக்கு டீச்சர் எதுக்குத் தாயி? அதுல நான் எப்பமோ பாஸாயிட்டேன்."

அதன்பிறகு செல்போன்தான் குரு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதை அரிசி மூட்டைமேல் சாய்த்துவைத்து, வீடியோவில் பார்த்தபடி துவரம்பருப்பு மூட்டையைக் குத்தினாள். விரல் முட்டிகளில் தோல் உரிந்தது, காய்த்தது, மறுபடி உரிந்தது. கூட வேலை செய்த தாசம்மாள் அவள் மோவாயைப் பிடித்துச் சிரித்தாள்.

"எக்கா, பருப்பு ஒனக்கு என்ன துரோகம் செஞ்சுது? இந்தக் குத்து குத்துனா மொதலாளி இத பருப்புப்பொடின்னுதான் விக்கணும். சாக்கு சாஞ்சு பொட்டிச்சுன்னா நம்ம ரெண்டு பேரையும் தொலிச்சிருவாரு, பாத்துக்க."

சாக்கு சாயவில்லை. அவள் குத்துவாள், அது ஆடும், உடனே இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்து நிறுத்துவாள். மூட்டை கட்டுகிறவர்களுக்கு அது பழக்கம். சரக்கு அமுங்கச் சாக்கைக் குத்துவார்கள், வாய் தைக்கும்வரை அணைத்துக்கொள்வார்கள். அதை அவள் யோசிக்கவே இல்லை. போனும் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

மார்கழியில் ஒரு மதியம் செல்வகணேஷ் கிடங்குக்கே வந்தான். தாசம்மாள் டீ வாங்கப் போயிருந்தாள்.

"ஏட்டி, கெளம்பு."

அவன் கை அவள் கொண்டையை நோக்கி வந்தது. அவள் குத்தினாள். எலும்பு நொறுங்கும் சத்தம் அவள் தோள்வரை ஏறியது. மூக்கிலிருந்து ரத்தம் கொட்ட அவன் நிலைதடுமாறிப் பின்னால் சாய்ந்தான். இன்னும் ஒரு குத்து போதும். ஆனால் அவள் கைகள் தாமாகப் போய் அவன் விலாவைச் சுற்றிக் கட்டி, அவனை விழாமல் நிறுத்தின.

தான் செய்திருப்பது இன்னதென்று அவளுக்கு அவன் சிரித்தபோதுதான் தெரிந்தது.

"ஒன்னால முடியாதுட்டி," என்றான், அவள் கழுத்தில் ரத்தம் ஒழுக.

பிறகு அடித்தான். காதில் விழுந்த முதல் அடியில் உலகம் ஊமையானது. நெற்றியைக் கதவு நிலையில் மோதினான், புருவம் பிளந்தது. வயிற்றில் முழங்காலை ஏற்றினான். முடியைக் கையில் சுற்றி, சிந்திக் கிடந்த பருப்பின்மேல் தரதரவென்று வாசலுக்கு இழுத்தான். அவள் கண்கள் மூடியே இருந்தன. அலறினாள். அவன் அவள் வாயைப் பொத்தினான். கட்டைவிரல் பல்லுக்கிடையில் வந்தது.

கடித்தாள். யாரும் சொல்லித்தரவில்லை. பல் எலும்பைத் தொட்டது. அதற்குப் பிறகும் விடவில்லை. அவன் மறு கையால் அவள் தலையில் மாறி மாறிக் குத்தினான். ஒவ்வொரு குத்துக்கும் அவள் தாடை இறுகியது. குத்துகள் தளர்ந்தன.

"விடுட்டி... விடு, ஆவுட... கை போச்சே, என் பொழப்பு போச்சே!"

டீயோடு திரும்பிவந்த தாசம்மாளின் கூச்சலுக்குச் சுமை தூக்கும் சுமட்டுக்காரர்கள் ஓடிவந்தபோது அவன் கையைப் பிய்த்துக்கொண்டு ஓடினான். கட்டைவிரல் தோலில் தொங்கியது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஆவுடைத்தாய் ஆட்டோவை ஆர்ஷாவின் மாடிக்குக் கீழே நிறுத்தச் சொன்னாள். கூட வந்த தாசம்மாள் போட்ட சத்தத்தில் ஆர்ஷா இறங்கிவந்தாள்.

"எண்டம்மே! சேச்சி, இங்க எதுக்கு நிக்கறீங்க? முதல்ல ஆஸ்பத்திரி போங்க!"

"போறேன். நல்லாத்தான் குத்துனேன் தாயி. குத்துன பெறவு அவன நானே தாங்கிப் புடிச்சுட்டேன். எங்கிட்ட அத யாரும் சொல்லலியே." மூச்சு வாங்கினாள். "அவன் மறுபடி வருவான். தையல் பிரிச்சதும் வாறேன். நீ அடி, நான் வாங்குறேன்."

ஆர்ஷா அவள் முகத்தைக் கையில் ஏந்தி, வீங்கிய கண்ணை விரலால் விலக்கிப் பார்த்தாள். பிறகு தானும் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியதும் ஆவுடைத்தாய் தலையை வெளியே நீட்டி, வாயில் மிச்சமிருந்த அவன் ரத்தத்தைச் சாலையில் துப்பினாள்.