மாசு என்று எழுதப்பட்டவள்

கல்யாணமான பதினெட்டாம் வருடம் நானும் என் மனைவி வள்ளிமயிலும் ஒரே கற்பாசியாகிப் பனிமலைப் பாறை ஒன்றில் படர்ந்தோம். அக்கம்பக்கத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பால்காரர் மட்டும் ஒரு லிட்டரை அரை லிட்டராகக் குறைத்தார்.

பாறையைப் பிடித்துக்கொள்வது பூஞ்சையான என் வேலை. வெயிலைச் சோறாக்குவது பாசியான அவள் வேலை. பிடித்துக்கொண்டிருப்பதையே பெரிய உத்தியோகம் போல நான் பேசித் திரிந்தேன்.

வகைப்பாட்டு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மலையிலுள்ள கற்பாசிகளை இனி நிறம் பார்த்துப் பிரிக்கமாட்டார்களாம். மரபணு பார்த்துத்தான் பெயராம். வெள்ளிக்கிழமைக்குள் பெயர் வாங்காதவர்களைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள்.

பாறையோடு போனோம். அலுவலகத் தாழ்வாரம் நடக்க நடக்க மலைபோல உயர்ந்தது. ஏழாவது கதவைத் தாண்டிய உயரத்தில் மரங்களே இல்லை.

அதிகாரி தனுஷ்கோடி நல்ல மனிதர். வலிக்குமா என்று கேட்டுவிட்டுத்தான் எங்களைச் சுரண்டினார். துணுக்கைக் குழாயில் போட்டு இயந்திரத்துக்குள் வைத்தார். நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் தாள் வந்துவிட்டது.

"ரெண்டு மரபணு இருக்கு," என்றார். "கல்லைப் பிடிச்சிருக்கிறவர் பேருதான் விதிப்படி. இன்னொண்ணு மாசு. கழுவி நீக்கிரணும்."

எனக்குச் சுருக்கென்றது. ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் என்று என் பெயரைப் போட்டபோது இப்படி ஆகவில்லை. சோறு போடுகிறவள் மாசா, இது எந்த ஊர் நியாயம் என்று சண்டைக்குப் போனேன். அவர் பொறுமையாக விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பிரித்துவிட்டால் அவளுக்குத் தனிப் பெயர் உண்டாம். தண்ணீர்த் தட்டில் வைத்தால் நூறு வருடம் இருப்பாளாம்.

"அப்ப நான்?"

"நீங்க ரெண்டு நாள் தாங்க மாட்டீங்க, சார்." வருத்தத்தோடுதான் சொன்னார்.

பதினெட்டு வருடமாக யார் யாரைப் பிடித்துக்கொண்டிருந்தோம் என்று அப்போதுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. நீ தட்டுக்குப் போய்விடு என்று அவளிடம் சொன்னேன்.

"தட்டுல எனக்கு என்ன இருக்கு? இந்தக் கல்லு போதும்," என்றாள் வள்ளிமயில்.

தாளை இழுத்து என் பெயரை அடித்துவிட்டேன். என்னையும் மாசு என்று எழுதச் சொன்னேன். தனுஷ்கோடி எழுதினார். பிறகு பேனாவைக் காதில் செருகிக்கொண்டு விதிப் புத்தகத்தை மறுபடி புரட்டினார்.

"ரெண்டுமே மாசுன்னா, எதுலேருந்து நீக்குறது?"

அவர் கோப்பினை மூடினார். மூடிய கோப்புக்குச் சுரண்ட ஆள் அனுப்புவதில்லை என்றார்.

இறங்கும்போது வெயில் அடித்தது. அவள் உலை வைத்தாள். நான் கல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பால்காரரிடம் நாளையிலிருந்து பழையபடி ஒரு லிட்டர் ஊற்றச் சொல்லவேண்டும் என்றாள்.