கடைசிப் பக்க மேலாளர்

ஆவணங்களைப் பிடிஎஃபாக மாற்றும் அந்த மென்பொருளை எழுதியவன் அவன்தான். எல்லாக் கணினியிலும் சமர்த்தாக ஓடியது. ஒரே ஒரு இயங்குதளத்தில் மட்டும் ஒவ்வொரு கோப்பின் கடைசியிலும் ஒரு வெற்றுப் பக்கத்தை ஒட்டிவைத்தது. மண்டையை உடைத்துக்கொண்டு காரணத்தைப் பிடித்துவிட்டான். வரி முடிந்ததைக் காட்ட அந்த இயங்குதளம் ஒரு குறியை அதிகமாகப் போடுகிறது. மென்பொருள் அதைப் புதுப் பக்கம் என்று நம்பித் தொலைக்கிறது. ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும்.

மாற்றுவதற்காக வாடிக்கையாளரின் அலுவலகத்துக்குப் போனான். அங்கே கண்ணாடி அறைக்குள், சுழல் நாற்காலியில், அவன் மனைவியின் அண்ணன் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் தொங்கிய அட்டையில் 'கடைசிப் பக்க மேலாளர்' என்று இருந்தது. கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை என்று மனிதர் பீற்றிக்கொண்டது இதைத்தானா?

"வாங்க மாப்ள. வர்ற ஃபைல்ல எல்லாம் கடைசிப் பக்கத்த அழிக்கணும். அழிச்சு மாளல. எனக்குக் கீழ ரெண்டு பேரு கேட்டிருக்கேன்."

அவன் வெளியே வந்து மனைவிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னான்.

"ஒரு வரிதான். மாத்திட்டா சரியாயிடும்."

"மாத்துங்க. மாத்திட்டு வீட்டுப் பக்கம் மட்டும் வந்துடாதீங்க. எங்க அண்ணன் இப்பத்தான் ஒரு இடத்துல நிலையா உட்கார்ந்திருக்காரு."

மடிக்கணினியை மூடிக்கொண்டு திரும்பினான். வழியெல்லாம் வயிறு எரிந்தது. அவள் அண்ணன் என்றால் மட்டும் அப்படி என்ன உசத்தி?

மறுநாளிலிருந்து அந்த மென்பொருள், இன்னொரு இயங்குதளத்தில் ஒவ்வொரு கோப்பின் முதல் பக்கத்தையும் விழுங்கத் தொடங்கியது. அவனுடைய தம்பியும் எத்தனை நாளைக்குத்தான் சோபாவில் சும்மா படுத்துக் கிடப்பான்?