முதல் கியரில் பின்னால்

காலை ஏழேகால் மணி. பான்கேக் கூடாரத்தில் மாவு இன்னும் கரைத்து முடியவில்லை. அதற்குள் ஆர்வில் ட்வெட்டை ரோஸ் நிற முக்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள்.

குழந்தைகளுக்கான பிளாஸ்டிக் முக்காலி. மேலே யானைப் படம். அயோவாவின் பழைய லாரிக்காரர்கள் ஆகஸ்ட் மாதம் கூடும் அந்த மைதானத்தில் அதற்குப் பெயர் புளுகர் ஆசனம். யார் சொன்ன கதையை யாருமே நம்பவில்லையோ அவர் அதில் உட்கார வேண்டும். கதை உண்மையென்று தெரிந்தால் எழுந்துகொள்ளலாம். அதிகம் சிரித்தவர் அந்த இடத்தில் உட்கார வேண்டும்.

பதினோரு வருஷமாக அதில் ஆர்வில்தான். உட்கார்ந்தால் முழங்கால் காது வரை வந்தது.

அதைவிடக் கொடுமை, முக்காலி எப்போதும் மற்றவர்களின் இடப்பக்கம் இருந்தது. அந்தப் பழைய டூ ஸ்ட்ரோக் டீசலை, ஓட்டுநர் உட்காரும் இடப்பக்க ஜன்னலைத் திறந்துவைத்து ஓட்டியவர்கள் அத்தனை பேருக்கும் இடது காது போய்விட்டது. இடப்பக்கம் உட்கார்ந்தவன் சுவரோடு பேசலாம்.

"என் வண்டி பாத்தியா?" என்றார் லாவெர்ன் குச்டா. அதிகம் சிரிப்பவர் அவர்தான். ஏழு வருஷம் கொட்டகையில் வைத்துப் பழுதுபார்த்த சிவப்பு லாரியை இந்தத் தடவைதான் வெளியே கொண்டுவந்திருந்தார். உள்ளே அதே எஞ்சின். அடியில் ஒரு தட்டு வைத்திருந்தார்.

"ஒழுகுதுடா" என்றார் மெரிட். மேசையில் மூன்றாவது ஆள்.

"ஒழுகுனாத்தான் உள்ள எண்ணெய் இருக்குன்னு அர்த்தம்."

"ஏறுறதுக்கு முன்னாடி கதவுல கைய நசுக்கிக்கிட்டியா?"

லாவெர்ன் வலது கட்டைவிரலைக் காட்டினார். நகம் நீலமாக இருந்தது. அந்த எஞ்சினுக்குச் சாந்தமானவர்களைப் பிடிக்காது. மெதுவாக ஓட்டினால் இழுக்காது. கையை நசுக்கிக்கொண்டு, அந்தக் கோபம் ஆறுவதற்குள் ஏறி மிதிக்க வேண்டும்.

"என் பொண்டாட்டி வீட்டுக்குள்ள படுத்தபடியே சொல்லுவா" என்றார் மெரிட். "நான் மூணு ஊருக்கு அந்தப் பக்கம் வரும்போதே சத்தம் கேட்டுடுமாம். அவ சினேகிதன் சட்டை போட்டுக்கிட்டுக் கிளம்ப நேரம் இருந்துச்சாம்."

எல்லோரும் சிரித்தார்கள். மெரிட் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்.

"ஆர்வில், உன் பன்னிக் கதைய எடுத்து விடு" என்றார் லாவெர்ன்.

ஆர்வில் சொன்னார். எத்தனையாவது தடவையோ. வயோமிங்கில் ஒரு மேடு. வண்டி நிறையப் பன்றிகள். பாதி ஏற்றத்தில் எஞ்சின் நின்றது. வண்டி கியரிலேயே பின்னால் உருண்டது. உருண்ட வேகத்தில் எஞ்சின் மறுபடி பிடித்துக்கொண்டது, ஆனால் தலைகீழாக, எதிர்த்திசையில் சுழன்று. புகைபோக்கி காற்றை இழுத்தது. காற்று இழுக்கும் டப்பா புகையைக் கக்கியது. அவர் ரிவர்ஸ் கியர் போட்டார். வண்டி முன்னால் போனது. அப்படியே மேட்டைத் தாண்டினார்.

"தலைகீழா ஒரு தடவை இருமும், ஒத்துக்கறேன்" என்றார் லாவெர்ன். "அத வச்சு மலை ஏறினேன்னு சொல்றியே, அங்கதான் இடிக்குது. சாட்சி யாரு?"

"எழுபது பன்னி."

"எங்க அதுங்க?"

"அன்னைக்குச் சாயங்காலமே பேக்கன் ஆயிடுச்சு."

லாவெர்ன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆர்வில் முக்காலியிலிருந்து எழுந்தார். அதற்கே சற்று நேரம் பிடித்தது.

"சாவியக் குடு. உன் வண்டியிலயே காட்டறேன்."

"என் எஞ்சினை நாசமாக்கவா?"

"நடக்காதுன்னுதானே சொல்ற? நடக்காததுல எப்படிடா நாசமாகும்?"

மேசை முழுக்க லாவெர்னைப் பார்த்தது. அவர் சாவியைக் கொடுத்தார். "நானும் கூட வருவேன்" என்றார்.

கூடாரத்துக்கு எதிரே ஒரு மண் சரிவு. மாடு ஏற்றி இறக்கும் சரிவு. ஆர்வில் கதவில் விரலை வைத்து நசுக்கினார், கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார், ஏறினார். லாவெர்ன் வலப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தார். அந்த ஜன்னலுக்கு ஒரு முழம் முன்னால், எஞ்சின் மூடியின் பக்கவாட்டில், காற்று இழுக்கும் டப்பா வெள்ளித் தவலை மாதிரி பளபளத்தது.

எஞ்சின் அலறியது. மைதானமே திரும்பியது, இடது காது போனவர்கள் உட்பட.

பாதிச் சரிவில் ஆர்வில் வேண்டுமென்றே பெரிய கியருக்கு மாற்றினார். எஞ்சின் திணறி நின்றது. வண்டி பின்னால் உருண்டது. ஒரு குலுக்கல். மறுபடி சத்தம். ஆனால் வேறு சத்தம், தொண்டைக்குள் யாரோ பேசுவது போல. அவர் கிளட்சையும் பிரேக்கையும் மிதித்தார். எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் பூஜ்யத்தில் படுத்தது. வெள்ளித் தவலை கருப்பாக ஏப்பம் விட்டது.

"பாத்தியா!" என்று கத்தினார் ஆர்வில். "பாத்தியாடா!"

லாவெர்ன் இருமிக்கொண்டிருந்தார்.

இனி ரிவர்ஸ் போட வேண்டும். மேலே ஏறிக் காட்ட வேண்டும். அது ஆர்விலுக்குத் தெரியும். இத்தனை வருஷமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் அவர் கைக்குத் தெரியவில்லை. மேடு, முன்னால் போக வேண்டும் என்றதும் கை தன்பாட்டுக்கு முதல் கியரைப் போட்டது. அவர் மிதித்தார்.

லாரி பின்னால் பாய்ந்தது.

பின்னால் போகிறதே என்று பதறி அவர் இன்னும் மிதித்தார். அது இன்னும் பின்னால் போனது. கூடாரத்தை நடத்தும் கிளெண்டா கரண்டியோடு ஒதுங்கி நின்றாள். சிரப் டிரம் வெடித்தது. மாவு அண்டா கவிழ்ந்தது. ஆர்வில் கிளட்சை விட்டுவிட்டுப் பிரேக்கை மட்டும் அழுத்தினார். எஞ்சின் செத்தது.

யாருக்கும் அடியில்லை. பின் டயர்கள் எல்லாம் இனிப்பாக இருந்தன.

ஆர்வில் இறங்கினார். "பாத்தீங்கல்ல எல்லாரும்?"

"பாத்தோம்" என்றார் மெரிட். "ரிவர்ஸ் போட்டுட்டு மிதிச்ச."

"ஃபர்ஸ்ட் கியர்டா! ஃபர்ஸ்ட் போட்டதாலதான் பின்னால போச்சு!"

மைதானமே சிரித்தது. ஒருவர் சிரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். மெரிட் முக்காலியை எடுத்துவந்து, யானையைத் துடைத்து, ஆர்வில் முன் வைத்தார்.

"கியர்க் குச்சி எங்க இருந்துச்சுன்னு லாவெர்ன் பாத்தான். கேளுங்க அவன!"

லாவெர்ன் மெதுவாக மறுபக்கம் இறங்கிவந்தார். வண்டியைப் பார்த்தார். பிறகு முக்காலியைப் பார்த்தார், ரொம்ப நேரம். தன் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"எனக்குச் சரியாக் கவனம் இல்லப்பா" என்றார்.

சிரிப்பு இன்னொரு சுற்று எழுந்தது. ஆர்வில் முக்காலியைப் பார்த்தார். உட்காரக் குனிந்தார்.

"இரு ஆர்வில்" என்றாள் கிளெண்டா. அவளும் அதே எஞ்சினைப் பன்னிரண்டு வருஷம் ஓட்டியவள்தான். கரண்டியால் லாவெர்னின் தாடையை நிமிர்த்தினாள். அவர் முகத்தின் இடப்பாதி காலையில் சவரம் செய்தபடி சிவப்பாக இருந்தது. வலப்பாதி கன்னங்கரேல் என்று, காதுவரை எண்ணெய்க் கரி.

"புகைபோக்கி கூரைக்கு மேல இருக்கு. உன் ஜன்னல்கிட்ட இருக்கறது காத்து இழுக்கற டப்பா. அது இழுக்கும். ஊதாது. அப்போ இவ்வளவு கரி எங்கேருந்து வந்துச்சு? ஒரு தடவை இருமினதுக்கா?"

லாவெர்ன் தலையைத் திருப்பி அவளுக்கு இடது காதைக் கொடுத்தார்.

கிளெண்டா சிரப்பில் செருப்பு ஒட்ட ஒட்ட நடந்து, அவரைச் சுற்றி வலப்பக்கம் வந்தாள். கரிபடிந்த அந்த நல்ல காதில் வாயை வைத்தாள்.

"இழுத்துச்சா, ஊதுச்சா, லாவெர்ன்?"