காற்றிறங்காத சக்கரங்கள்

ஒரு மழைக்காலம் முழுவதும் கிடங்கில் கிடந்த மிதிவண்டியின் சக்கரங்களில் காற்று இருக்கக் கூடாது. இருந்தால், அது கிடக்கவில்லை என்று பொருள்.

கால் முறிந்து, பிளாண்டயர் நகரத்தில் மூத்த மகன் வீட்டில் நான் படுத்திருந்தபோது, என் வண்டி என் மனைவியின் அண்ணன் லெவிசனுடைய சோளக் கிடங்கில் இருந்தது. ஊர் திரும்பியதும் நேரே அங்கேதான் போனேன். குனிந்து டயர்களைக் கட்டைவிரலால் அழுத்தினேன். முன்னது கல், பின்னதும் கல். நின்ற இடத்திலேயே நின்ற ரப்பர் அடியில் தட்டையாகிப் பக்கங்களில் வெடித்திருக்க வேண்டும். ஒரு கீறல்கூட இல்லை. காற்றைத் தடுத்து வைக்கும் வால் டியூப் புதியது. டயரின் வரிப்பள்ளங்களில் சிவப்பு மண் அப்பியிருந்தது. எங்கள் பக்கத்து மண் கறுப்பு. சிவப்பு மண் சந்தைச் சாலையில்தான் உண்டு. கேரியரில் ஆளேற்றிக் கூலிக்கு மிதிப்பவர்கள் கூடுகிற இடமும் அதுதான்.

மறுநாள் என் மகள் ஃபலேசியைப் பெண் கேட்டு வருகிறார்கள். எங்கள் வழக்கப்படி அவளுக்காகப் பேசவேண்டியவர் தாய்மாமன். அவர் கொடுக்கும் வாக்கே அவளுடைய வாழ்வு. கூசாமல் பிறர் பொருளை எடுத்தாளும் ஒருவருடைய வாக்கை எப்படி நம்புவது?

லெவிசன் முற்றத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். என் மனைவி எலினாட்டியும் அங்கே இருந்தாள்.

"மச்சான், என் சைக்கிளைத் தொட்டீங்களா?"

"தொடாம? ஞாயித்துக்கிழமை தவறாம யெண்டெட்சிக்கிட்டுத்தானே இருந்தேன்!"

வாய் நிறையக் கடலையோடு, வெட்கமே இல்லாமல் சொன்னார். எங்கள் மொழியில் 'யெண்டெட்சா' என்றால் வண்டியை ஓட்டு என்பதுதான் ஊரார் கொள்ளும் பொருள்.

"அடுத்தவன் சைக்கிளை ஓட்டிட்டு அதுல பெருமை வேறயா? சந்தையில எத்தனை பேரை ஏத்தினீங்க?"

"ஏத்தவா? வாத்தியாரே, கால்ல அடிபட்டதா, தலையிலயா?"

"பேச்சை மாத்தாதீங்க. எலினாட்டி, நாளைக்கு உங்கண்ணன் பேச வேண்டாம்."

எலினாட்டி முறத்தைக் கீழே வைத்தாள். "தாய்மாமன் உயிரோட இருக்கறப்போ வேற ஆளா? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்த வழியே போயிடுவாங்க. ஒரு டயருக்காகப் பொண்ணு கல்யாணத்தைக் கெடுக்காதீங்க!"

"டயருக்காக இல்ல. வாக்குச் சுத்தத்துக்காக."

லெவிசனின் முகம் கறுத்தது. எழுந்து போய் வண்டியைக் கிடங்கிலிருந்து உருட்டி வந்தார். ஏறி உட்கார்ந்து ஒரு மிதி மிதித்தார். கைப்பிடி ஒரு பக்கம் போக, அவர் ஒரு பக்கம் போய்ப் பூசணிக்கொடிக்குள் விழுந்தார்.

"ஐயோ, அண்ணா! உனக்கு ஓட்டவே தெரியாதா?"

"கத்தாதடி, ஊருக்கே கேட்கும்." கொடியைத் தலையிலிருந்து பிய்த்து எறிந்தார். "நின்னுக்கிட்டே இருந்தா ரப்பர் வெடிச்சிடும்னு காத்து அடிக்கிறவன் சொன்னான். அதான் ஆட்டை ஓட்டிட்டுப் போற மாதிரி சந்தை வரைக்கும் கையால தள்ளிட்டுப் போய், காத்து அடிச்சுத் தள்ளிட்டு வந்தேன். 'யெண்டெட்சா'ன்னா நடக்க வைக்கிறதுதானே? நீங்கதானே இலக்கணம் சொல்லித்தர்றவர்!"

'யெண்டா' என்றால் நட. அதன் பிறவினை 'யெண்டெட்சா', அதாவது நடக்கச் செய். இக்காலத்தில் அதை அந்த வேர்ப்பொருளில் ஆளுகிறவரை நான் கண்டதில்லை. ஆனாலும் அதைப் பிழையென்று சுழிக்க எந்த விதியும் இடம் தராது.

எனினும் வேண்டுமென்றே விழவும் ஒரு மனிதரால் முடியும். வண்டியை நிமிர்த்தினேன். அதுவரை டயர்களை விட்டுக் கண்ணை உயர்த்தாத நான், அப்போதுதான் இருக்கையைப் பார்த்தேன். ஒரு மழைக்காலத்துச் சோளத்தூசி, மேலே பல்லியின் எச்சம். இப்போது அவர் உட்கார்ந்த இடம் மட்டும் துடைபட்டிருந்தது.

"அப்போ நாளைக்கு?" என்றாள் எலினாட்டி.

லெவிசன் என்னைப் பார்க்கவில்லை. அவருடைய வலது முழங்கையில் தோல் வழன்று இரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"அந்த முழங்கைக்கு மருந்து போடு," என்றேன் எலினாட்டியிடம். "நாளைக்கு அதை ஆட்டித்தானே பேசணும்."