எண்ணுகிறவரிடம் பேசாதீர்கள்

“இந்தப் பெருவிரல் நிமிரவே மாட்டேங்குது அண்ணி,” என்றாள் ரெஃபூகியா.

சவப்பெட்டிக்குள் கிடந்த அண்ணனின் கைகளை மார்பின்மேல் சேர்த்து, ஜெபமாலையைச் சுற்றிவிட அவள் கால் மணி நேரமாகப் போராடிக்கொண்டிருந்தாள். இடது கை சொன்னபடி கேட்டது. வலது கையின் பெருவிரல் மட்டும் எதையோ அமுக்கப் போவதுபோல வளைந்தே நின்றது.

“விட்டுடு. அப்படியே இருக்கட்டும்,” என்றாள் ஹோவிதா.

“நேத்து நீ கோபுரத்துல ஏறினப்ப அண்ணன் நல்லாத்தான இருந்துச்சு? ஒரு வார்த்தையாவது பேசுச்சா?”

நேற்றிலிருந்து இதோடு ஐந்து முறை கேட்டாயிற்று.

“நான் படியேறி முடிக்கவும் மேல இருந்த மத்தவங்க கத்தவும் சரியா இருந்துச்சு ரெஃபூகியா. எத்தனை வாட்டிதான் சொல்றது?” ஐந்து முறையும் ஹோவிதா அதே பொய்யைத்தான் சொன்னாள்.

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் அவள். பேசாமல் இருந்தும் பழக்கமில்லாதவள். கோழியோடு பேசுவாள், அடுப்போடு பேசுவாள், பூசை நடுவில் பக்கத்து வரிசையோடும் பேசுவாள். அவள் வாய் மூடும் இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். பந்து மைதானத்தை ஒட்டி நிற்கும் அந்தக் கோபுரம். மலைக்கும் கடலுக்கும் நடுவே உள்ள இந்த ஒடுக்கமான நிலத்தின் மேலேதான் வடக்கிலிருந்து வரும் வல்லூறுகள் அத்தனையும் தெற்கே போயாக வேண்டும். கரும்பு லாரி ஓட்டி ஓய்ந்த அவள் கணவர் எலெயாசர் பதினெட்டு வருஷமாகச் செப்டம்பரிலும் அக்டோபரிலும் அவற்றை எண்ணிக்கொண்டு அங்கேதான் குடியிருந்தார். சம்பளம் கிடையாது. ஒரு தொப்பி கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், அவர் மும்முரமாக எண்ணிக்கொண்டிருந்தபோது, “பீன்ஸ் ஆறுதுங்க,” என்று ஹோவிதா சொல்லிவிட்டாள். அதற்குள் எண்ணாயிரம் பறவைகள் தவறிப்போயின. இரண்டு நாள் மனிதர் அவளோடு பேசவில்லை. ‘எண்ணுகிறவரிடம் பேசாதீர்கள்’ என்று கோபுரத்தில் பலகை மாட்டியது அதற்குப் பிறகுதான். ஹோவிதாவின் வாயை மூட ஒரு கோபுரமே தேவைப்பட்டது என்று ஊர் சிரித்தது. அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டைக் கொண்டுபோனால், அவருக்குப் பின்னால் உட்கார்ந்து, அவராகத் திரும்பும்வரை மூச்சுக்கூட விட மாட்டாள்.

வாசலில் பெனிக்னோ நின்றிருந்தான். கோபுரத்தின் எண்ணிக்கைக்குப் பொறுப்பாளன். தொப்பி கையில், தாளும் பேனாவும் சட்டைப்பையில். உள்ளே வரலாமா வேண்டாமா என்று தயங்கினான்.

“வா தம்பி. காபி குடி.”

“அக்கா, கேக்கவே கூசுது. நேத்து கணக்கு இன்னும் அனுப்பல. அண்ணனோட கவுண்ட்டர் உங்ககிட்ட இருக்கா?”

ஹோவிதா பாவாடைப் பையிலிருந்து அதை எடுத்தாள். உள்ளங்கைக்குள் அடங்கும் எஃகுக் கருவி. பெருவிரலால் ஒரு தட்டு தட்டினால் ஓர் எண் ஏறும். கூட்டம் பெரிதாக இருக்கும்போது தட்டுக்குப் பத்துப் பறவை. மணிக்கு ஒருமுறை எண்ணைக் குறித்துவிட்டுப் பூஜ்யத்திலிருந்து தொடங்குவார்கள். அது 2214-இல் நின்றிருந்தது. நேற்றிலிருந்து அவள் அந்த எண்ணைப் பார்த்தபடியே இருந்தாள். விரல் தவறிப்பட்டு ஒன்று ஏறிவிடுமோ என்று பயந்து பயந்து பிடித்திருந்தாள்.

பெனிக்னோ எழுதிக்கொண்டான். முகம் சுருங்கியது.

“இருபத்திரண்டாயிரத்துச் சொச்சம்.” தொண்டையைச் செருமினான். “ஒண்ணுலருந்து ரெண்டுக்குள்ள வானத்துல என் பக்கம் மட்டும் நாப்பத்தோராயிரம் அக்கா. அவர் பக்கம்தான் கூட்டமே அதிகம். பாவம், ஒரு மணியிலிருந்தே கண்ணு இருட்டிட்டு வந்திருக்கணும். பாதியை விட்டுட்டார். பரவாயில்ல, எண்ணிக்கை சந்தேகம்னு ஓரத்துல குறிச்சிடறேன்.”

“சந்தேகமா?”

“வேற என்ன எழுத அக்கா? ரெண்டு மணிக்கு எண் கேட்டேன், பதில் இல்ல. அப்பத்தான் திரும்பிப் பாத்தோம். அதுவரைக்கும் எண்ணிட்டுத்தான் இருந்தார்னு நெனச்சோம்.”

எண்ணாயிரம் போனதற்கே இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்த மனிதர். அவருடைய கடைசி எண்ணுக்குப் பக்கத்தில் சந்தேகம் என்று எழுதப் போகிறார்கள். அடுப்படி வாசலில் காபிப் பானையைக் கிளறிக்கொண்டிருந்தாள் ரெஃபூகியா. வாயைத் திறந்தால் அவள் காதிலும் விழும். திறக்காவிட்டால் இவருக்குக் கெட்ட பெயர். என்ன செய்வாள் ஹோவிதா! பெட்டிக்குள் கிடந்தவரைப் பார்த்தாள். அந்தப் பாழாய்ப்போன விரல் இன்னும் வளைந்தே இருந்தது.

“அவர் ஒண்ணையும் விடல,” என்றாள். “ஒன்றரை வரைக்கும் எண்ணினார். அப்புறம்தான் நின்னுச்சு.”

பெனிக்னோ நிமிர்ந்தான். “ஒன்றரைன்னு எப்படித் தெரியும்?”

“ஒன்றரைக்கு வர்ற கார்டெல் பஸ் கீழே ஹாரன் அடிச்சுச்சு. அதோட தட்டுற சத்தம் நின்னுபோச்சு.”

கிளறும் கரண்டியும் நின்றது.

“அண்ணி,” என்றாள் ரெஃபூகியா. “நீ அப்பவே மேல இருந்தியா?”

“சோள ரொட்டியைப் பிரிச்சு வெச்சிட்டு உக்காந்திருந்தேன்.”

“அரை மணி நேரமா?”

“ஸ்டாண்டுல மாட்டின பைனாகுலர்மேல சாஞ்சு, கண்ணை அதுலயே வெச்சிருந்தார். எண்ணிட்டிருக்கார்னு நெனச்சேன். அடுத்த கூட்டத்துக்குக் காத்திருக்கார்னு நெனச்சேன். ரொட்டி ஆறிப்போகுதேன்னு எரிச்சல்கூட வந்துச்சு. பேசல ரெஃபூகியா. நான் பேசவே இல்ல.”

மற்றவர்கள் திருப்பியபோது அவருக்கு மூச்சு இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லாரியில் ஏற்றியபோதும் இருந்தது. பாலம் தாண்டும்போதுதான் போயிற்று. இது எல்லோருக்கும் தெரியும்.

பெனிக்னோ தாளில் ஏற்கெனவே எழுதியதை அடித்தான். ‘1.00 முதல் 1.30 வரை’ என்று எழுதி, எண்ணை மறுபடி பக்கத்தில் எழுதினான். “அப்படீன்னா சரியா வருது அக்கா,” என்றான், தலையைத் தூக்காமல். “ரொம்பச் சரியா வருது.” கருவியை அவள் கையில் திருப்பி வைத்தான். ரெஃபூகியா காபியை எல்லோருக்கும் ஊற்றினாள். அண்ணி பக்கம் மட்டும் அவள் வரவில்லை.

ஒன்றே கால் மணிக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். வெயில் கொளுத்தியது. தலைக்கு மேலே வல்லூறுகள் ஆயிரமாயிரமாகச் சுழன்று ஏறித் தெற்கே வழிந்துகொண்டிருந்தன. கோபுரத்து ஆட்கள் ஏழு பேர் பெட்டியோடு நடந்தார்கள். ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. ஹோவிதா தனியாக நடந்தாள். முன்னால் போனவர்களும் பின்னால் வந்தவர்களும் அவளிடம் ஒன்றும் பேசவில்லை.

மைதானத்து முக்கில் கார்டெல் பேருந்து எதிரே வந்தது. ஓட்டுநர் பெட்டியைப் பார்த்தார். ஓரமாக நிறுத்தி, இஞ்சினை அணைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். உள்ளே இருந்தவர்களும் கழற்றினார்கள். ஹோவிதா நின்றுவிட்டாள். கருவியின்மேல் பெருவிரலை வைத்தபடி, அந்த ஹாரன் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

ஓட்டுநர் ஹாரன் அடிக்கவில்லை.