வெள்ளையம்மாவின் நெறி

கொழும்பில் பிளேக் வந்த வருஷம், கலவானைக்கு மேலே நாகந்தைத் தேயிலைத் தோட்டத்தில், வெள்ளையம்மாவின் தொடையிடுக்கில் கட்டிய நெறி, யாராவது தப்பான காரணம் சொன்னால் ஒரு சுற்றுப் பெருத்தது. சரியான காரணம் சொன்னால் வற்றுமா என்பது அப்போது தெரியாது. ஏனென்றால் அப்படி யாரும் சொல்லவில்லை.

முதலில் அது நெல்லிக்காய் அளவுதான். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்துக்கு நொண்டி நொண்டி வந்தவளின் கால் புண்களைப் பார்த்துவிட்டு, அழகமுத்துக் கங்காணி பறங்கிப்புண் என்றார். நெறி எலுமிச்சையானது. லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பிராவில் குடியிருந்த இருளாயி, "மாரியாத்தாளுக்கு நேந்த சேவல நீயே கொழம்பு வச்சுத் தின்னீல்ல, அதான்டி" என்றாள். சேவலைத் தின்றது உண்மைதான், காரணம் அதுவல்ல. நெறி மாங்காயானது. பிறகு சிரங்கு என்றார்கள், பூனை பிறாண்டியது என்றார்கள், யாரோ கண் வைத்தது என்றார்கள். அந்தத் தோட்டத்தில் அபிப்பிராயம் சொல்லாதவை கைக்குழந்தைகள் மட்டுமே. "ஐயோ சாமி, கொஞ்சம் வாய மூடிக்கிட்டு இருங்களேன்!" என்று வெள்ளையம்மா கும்பிட்டாள். அதற்கும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

கடைசியாக மருந்துக்கார ராமச்சந்திரன் ஐயா வந்தார். பத்திரிகை வாசிக்கிறவர். நெறியைத் தூர நின்று பார்த்து, "பிளேக்" என்றார். அது அவர் கண்ணெதிரே தேங்காயளவு ஆனது. அதையே அவர் அத்தாட்சியாக எடுத்துக்கொண்டார். துரைக்குச் சேதி போனது. சனிக்கிழமை கலவானையிலிருந்து மாட்டுவண்டி வரும், வெள்ளையம்மாவை ஆற்றுக்கு அப்பாலுள்ள தனிக்கொட்டகைக்குக் கொண்டுபோகும், லயத்தைக் கொளுத்துவார்கள் என்று உத்தரவாயிற்று. பால் மறக்காத பிள்ளையைக் கூட அனுப்ப மாட்டார்களாம். அதைக் கேட்டதும் அவளுக்கு நெறியின் வலி மறந்தே போனது. பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்து அழுதாள். இருளாயிக்கே பாவமாக இருந்தது.

சனிக்கிழமை, வண்டிக்கு முன்னால் பெல்மதுளைத் துணி வியாபாரி தாஸிம் நானா மூட்டையோடு வந்துவிட்டார். நல்ல மழை. நாகந்தையில் அட்டை கடிப்பதை யாரும் ஒரு விஷயமாகவே எடுப்பதில்லை. கடித்தால் வெற்றிலை எச்சிலைத் துப்பி உருவிப் போடுவார்கள், நகத்தால் வறட்டு வறட்டென்று சொறிவார்கள், அடுத்த நிரைக்குப் போவார்கள். அதை நோய்க்குக் காரணமாகச் சொன்னால், சோறு தின்றதால் நோய் வந்தது என்று சொன்ன மாதிரி சிரிப்பார்கள். தாஸிமோ வெளியூர்க்காரர். லயத்து வாசலில் இடுப்புச் சாரத்தைத் தூக்கிக் காலைப் பார்த்தவர் ஒரு குதி குதித்தார்.

"யா அல்லா, அட்டை! இதச் சொறிஞ்சா புண்ணாகும், புண்ணுல அழுக்குப் பட்டாச் சீழ் வைக்கும், பொறகு நெறி கட்டும். நான் எப்பிடி ஊருக்கு நடக்கிற?"

புஸ்ஸென்று ஒரு சத்தம். வெள்ளையம்மாவின் தேங்காய் மாங்காயாகியிருந்தது.

"நானா, நானா! இன்னொரு தரம் சொல்லுங்க!" என்று கத்தினாள் அவள். தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று தாஸிமுக்குக் கோபம். ஆனாலும் பிள்ளையை ஏந்தி நின்றவளின் முகத்தைப் பார்த்துவிட்டு, திரும்பவும் சொன்னார். மாங்காய் எலுமிச்சையாகி, எலுமிச்சை நெல்லிக்காயானது. வண்டிக்காகக் காத்து நின்ற ராமச்சந்திரன் ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டு, "நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றார். நெறி சற்றே பெருத்தது. ஐயா பேச்சை நிறுத்திக்கொண்டு, உப்பு போட்டு வெந்நீர் வைக்கச் சொன்னார். புண்களைக் கழுவி, சீழ் எடுத்து, சுத்தமான துணி கட்டினார். துணி தாஸிமின் மூட்டையிலிருந்து வந்தது. மாட்டுவண்டி வந்தபடியே வெறுமையாகத் திரும்பியது. இருளாயி அன்று ஒரு சேவலை அடித்தாள், யாருக்கும் நேர்ந்துகொள்ளாமல்.

நெறி அடியோடு போகவில்லை, மிளகளவுக்கு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு மருந்துசாலையில் மேசைக்குப் பக்கத்தில் வெள்ளையம்மாவுக்கு ஒரு முக்காலி போட்டார்கள். ஐயா நோயின் பெயரைச் சொல்வார். மிளகு பெருத்து அவள் முகம் சுளித்தால் வேறு பெயர் சொல்வார். நோயாளிகளும் அதை வழக்கமாகவே எடுத்துக்கொண்டார்கள். வருஷங்கள் போயின. ஒருநாள் அவள் பிள்ளையே, அப்போது கொழுந்தெடுக்கும் குமரி, காலில் புண்ணும் தொடையிடுக்கில் நெறியுமாக வந்து நின்றாள். ராமச்சந்திரன் ஐயா முதலில் அவள் காலைக் கழுவச் சொன்னார். புண்ணைக் குனிந்து பார்த்தார். பிறகு வெள்ளையம்மாவின் முகத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்து, "அட்டை" என்றார்.